ஒன்றும் நடக்காத நாள்

உப்புவெளியில், கரைவலைத் தோணிகளைத் தாண்டி
மூன்றாவது தகரக் கூரை எங்கள் கடை.
முன்பக்கம் ஆமை வரைந்த பலகை.
பின்பக்கம் நான்,
ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர், பழைய பல்துலக்கி,
சிமிழில் சிலிக்கன் கிரீஸ்,
சுண்டுவிரல் நகத்தளவுக் கறுப்பு ரப்பர் வளையங்கள்.

ஆடி மாதத்து ஞாயிறு.
சோளகம் தணிந்து
கடல் எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது.
கண்டியிலிருந்து வந்த நால்வர்
செருப்பைக் கழற்றிப் படகில் ஏறியும் விட்டார்கள்.
ஏழாம் எண் மூச்சுக் குழாயை
வழக்கம்போல் வாயில் வைத்து இழுத்தேன்.
இழுப்பின் கடைசியில்
ஒரு சின்னத் தடக்கல்,
சோற்றில் கல் கடித்ததுபோல.
மறுபடி இழுத்தேன், இல்லை.
மூன்றாம் தரம் இருந்தது.

"தரையில வேலை செய்யுதுதானே," என்றார் முஃபாரிஸ்.
தரையில் எல்லாம் வேலை செய்யும்.
தரையில் மூக்கும் வேலை செய்யும்.

மாற்றுக் கருவி மற்றப் படகில் போயிருந்தது.
இரண்டு மணித்தியாலம் என்றேன்.
இருவர் பக்கத்துக் கடைக்கு நடந்தார்கள்,
ஒருவர் முட்டை ரொட்டி தேடிப் போனார்.
முதலாளி கல்குலேட்டரை எடுத்தவர்
அழுத்தாமலே வைத்துவிட்டார்.

திறந்தேன்.
காற்று நுழையும் வாசலில்
வெள்ளியாய் இருக்கவேண்டிய வடிகட்டி
பச்சைக் களிம்பு பூத்திருந்தது.
யாரோ மூடி போடாமல் கழுவியிருக்கிறார்கள்.
யாரோ என்றால், இந்தக் கடையில்
கழுவுவது நான் ஒருத்திதான்.

அது பன்னிரண்டு மீற்றரில் அடைத்திருக்குமா?
தெரியாது.
அடைக்காமல், அவர்கள் மேலே வந்து
தேநீர் குடித்திருக்கவும் கூடும்.
என் வேலையின் கோளாறே இதுதான்:
சரியாகச் செய்தால் அத்தாட்சி மிஞ்சாது.
கொப்பியில் எழுதினேன்,
"ஏழு: வடிகட்டி மாற்றியது."
நடக்காததை எழுத அதில் கட்டம் இல்லை.

அக்காவின் புருஷன் லோகிதன்
இறக்கக்கண்டியில் சங்கு குளித்தவர்.
டயர்க் கடைக் கொம்பிரசரில் நீளக் குழாய் கட்டி
அந்தக் காற்றைத்தான் இழுத்தார்.
"டீசல் மணம் பழகிப் போகும்" என்பார்.
பழகித்தான் போனது.
ஒருநாள் கீழே காற்று நின்றது,
ஒரே உந்தில் மேலே வந்தார்.
இன்று அவருடைய இடதுகால்
வலதுகாலுக்குப் பின்னால் வருகிறது,
கடனுக்கு வந்தவனைப்போல.

பத்தரைக்கு நிலூகா மட்டும் திரும்பி வந்தாள்.
அவளுக்கு அதுதான் முதல் முங்கல்.
படகில் இடம் கிடந்தது, நானும் ஏறினேன்.
ஏழாம் எண்ணை நான் பூட்டிக்கொண்டேன்.

புறாத்தீவு.
முதல் பத்து நிமிடம் நான் கடலையே பார்க்கவில்லை.
இழு, கேள். விடு, கேள்.
முள்ளைத் தட்டிப் பார், நூற்றெழுபது.
இழு, கேள்.
பக்கத்தில் நிலூகா
என் கைமூட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பிறகு எங்கோ கிறிச், கிறிச் என்று.
என் கருவிதான் என்று உறைந்தேன்.
இல்லை:
நீலக் கிளிமீன் ஒன்று
முருகைக் கல்லைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது,
அப்பளம் நொறுக்குகிற குழந்தையின் அவசரத்தோடு.
அதன் பின்னால் இன்னும் ஆறு.
சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிச் சுறா
எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் கடந்தது.
நிலூகாவின் கை எப்போது விட்டதென்று தெரியவில்லை.
அவள் சிரித்து, முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து,
அதற்கும் சிரித்தாள்.
நான் என் மூச்சைக் கேட்பதை
எப்போது நிறுத்தினேன் என்பதும் தெரியவில்லை.

படகில் ஏறி, தலை துவட்டி,
தட்டுத்தடுமாறிய தமிழில் சொன்னாள்:
"வாயில ஒண்டு இருந்தது, நான் மறந்து போன."
அவள் என்னைப் பாராட்டவில்லை.
மீன்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலை, பீப்பாயடியில்
ஏழாம் எண்ணைக் கழுவ எடுத்தேன்.
முதலில் மூடியைத் துடைத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஊதி,
பாவாடை நுனியால்
இன்னொரு தரம் துடைத்தேன்.